முள் தூங்கிய நாட்கள்

வினோதாவுக்கு ரம்யாவை முதலில் பிடிக்கத்தான் செய்தது.

கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து குப்பத்துக்கு மருமகளாக வந்த பெண் ரம்யா. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போனபோது அவளையும் அவள் கணவன் வசந்தகுமாரையும் ஏற்றிக்கொண்டு போனது வினோதாவின் வண்டிதான். புதுப்பெண் தலை நிறையப் பூவோடு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க வண்டியைப் பற்றியே கேட்டாள். கிளட்ச் எப்போது மாற்றினீர்கள், மூன்றாவது கியரில் ஏன் இந்தச் சத்தம், பழைய வண்டி மழைக்காலத்தில் மக்கர் பண்ணாதா. வினோதா ஒவ்வொன்றுக்கும் ஆசையாகப் பதில் சொன்னாள். குப்பத்துப் பெண் ஒருத்தி அவளிடம் வண்டியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற அந்த மீனவக் குப்பத்தில் அதுவரைக்கும் கார் ஓட்டிய பெண் வினோதா ஒருத்திதான். கணவன் கணேசன் ஏரியில் இறால் பிடிப்பவன். அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குப்பத்திலிருந்து அப்படிப் போகிற பெண்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களை ஏற்றிப் போக ஓர் ஒப்பந்தக்காரரின் வேன் வரும். அது பஜாரோடு திரும்பிவிடும் என்பதால் அங்கே வரைக்கும் விடியாத இருட்டில் நடக்க வேண்டும். டிரைவர் பாதி நாள் குடித்திருப்பான். ஒரு நாள் தச்சூர் கூட்ரோட்டில் லாரியில் மோதப் போய்க் கடைசி நொடியில் திருப்பினான். "இவன் கையில உசிரக் குடுக்கறதுக்கு நானே ஓட்டினா இன்னா?" என்று வினோதா சொன்னதும் வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவள் பொன்னேரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அந்தப் பெண்களைத் தானே ஏற்றிப் போக, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் விற்ற பழைய வெள்ளை வண்டியை வாங்கி வந்தாள். பெட்டி போல இருக்கிற வண்டி. முன்னால் மூக்கு கிடையாது. என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும். சிலர் அதைக் கார் என்பார்கள், சிலர் வேன் என்பார்கள். குப்பத்தில் அதற்கு வினோதாக்கா வண்டி என்றுதான் பெயர்.

அந்தப் பெயர் சில வீடுகளில் பெரிய காரியங்களைச் செய்தது. பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்ற அப்பன்மார்கள், "வினோதாக்கா வண்டியிலன்னா போ" என்றார்கள். புருஷன் இறந்தபின் வெளியே வராமல் கிடந்த சம்பூர்ணத்தை சிப்காட் கேன்டீனில் சமையல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டதும் வினோதாதான். கனத்த உடம்புக்காரி சம்பூர்ணம். முழங்கால் மடங்காது. அதனால் முன் சீட்டு அவளுக்கு என்று ஆகிவிட்டது. காலையில் ஏறி உட்கார்ந்தால் கேன்டீன் கதை, பக்கத்து வீட்டுக் கதை, முந்தின நாள் சீரியல் கதை என்று ஆரம்பிப்பாள். பின்னால் இருக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வண்டி சிப்காட் போய்ச் சேருவது தெரியாது. வினோதாவுக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை. அந்த இடத்தில் அவள் சம்பூர்ணத்தை வைத்திருந்தாள்.

ரம்யா வந்த இரண்டாம் வருஷம் வசந்தகுமார் அவளுக்கு ஒரு வண்டி எடுத்துக் கொடுத்தான். வெள்ளி நிறம், வினோதாவுடையதைவிடப் பெரியது, ஏசி உண்டு. கன்னியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டபோது எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்ததே வினோதாதான். எல்லோரும் அவளைத்தான் வைக்கச் சொன்னார்கள். "நல்லா ஓட்டும்மா" என்று ரம்யாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இறால் தொக்கு வைத்திருந்தாள். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"ஏரில நாங்க மொற வெச்சி வல போடல? அத்தமாதிரி ஆளுக்கொரு பக்கமா ஓட்டிக்கினு போங்களேன்" என்றான் கணேசன்.

"ரோட்டுக்கு மொற கெடையாதுய்யா" என்றாள் வினோதா.

ஒருவர் இருவராக ரம்யாவின் வண்டிக்கு மாறினார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "எனக்கு ஷிஃப்ட் மாறிட்ச்சிக்கா", "ஏசி இல்லாம தலவலி வருதுக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனதுதான் வினோதாவுக்குக் கூடுதலாக எரிந்தது. காலையில் ரம்யாவின் ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டால் அவள் கை தானாக நின்றுவிடும். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் ரம்யாவின் வீட்டு வழியாக நடந்து, நிற்கிற வண்டியின் டயரைப் பார்ப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், ஏதாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு நாள் கதவில் கீறல் இருந்தது. அன்றைக்கெல்லாம் அவள் முகம் தெளிவாக இருந்தது. அதை அவளே கவனித்து, தனக்குத் தானே திடுக்கிட்டாள்.

சம்பூர்ணம் மட்டும் எங்கேயும் போகமாட்டாள் என்று நம்பியிருந்தாள்.

இந்த நிலையில்தான் அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஹீட் மீட்டர் தகராறு ஆரம்பித்தது. என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் வழக்கமாக நடுவிலேயே நிற்கும். திருப்பாலைவனம் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருந்த இடத்தில், அது ஒரு காலையில் சடாரென்று எகிறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வினோதா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். சம்பூர்ணத்தை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஆவி இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை, ரேடியேட்டர் தண்ணீர் இருந்தது. ஆனாலும் பயம். ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். அன்று எல்லோருக்கும் கம்பெனிப் பதிவில் லேட் பஞ்ச்.

பொன்னேரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற முனிகிருஷ்ணன்தான் வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து மெக்கானிக். அவர் தனியாக ஓட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார். மறுநாள் அதே இடத்தில் முள் மறுபடியும் குதித்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மறுபடியும் குதித்தது. ஒவ்வொரு தடவையும் அவர் ஓட்டினால் ஒழுங்காக இருக்கும், பெண்களை ஏற்றிக்கொண்டு போனால் குதிக்கும். "பொம்பளைங்க பேச்சு சூட்டுலதான் ஏறுதுபோல" என்று பட்டறையில் ஒருவன் சொல்ல, வினோதா அவனை முறைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது தடவை மெதூர் அருகே வண்டியை நிறுத்தியிருந்தபோது பின்னால் வந்த ரம்யா தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் ஹீட்டா?"

"ஆமாம்மா. கொஞ்சம் ஆறினா போயிடும்."

"என் வண்டில எடம் கீது. லேட்டாவறவங்கள இட்டுக்கினு போவட்டுமா?"

பெண்கள் வினோதாவின் முகத்தைப் பார்த்தார்கள். சம்பூர்ணம், "போறவங்க போங்கடி" என்றாள். இரண்டு பேர் மாறி ஏறினார்கள். ரம்யா போகாமல் ஜன்னல் வழியாக எட்டி மீட்டரைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தவள் அவள்.

"அக்கா, முள்ளு மெதுவா ஏறுதா, ஒரேடியா குதிக்குதா?"

"குதிக்குது."

"குதிச்சா சூடு இல்லக்கா. தண்ணி அப்டி ஒரு செகண்டுல சூடாவாது. சூட்டப் பாக்கற சென்சாருக்குப் போற ஒயரு எங்கியோ தேஞ்சி வண்டி பாடி இரும்புல படுது. படும்போது முள்ளு ஃபுல்லா மேல ஏறிடும். முன் சீட்டுல ஆளு உக்காந்தாதானே வருது? பட்டறை அண்ணா தனியா ஓட்டினா வரமாட்டேங்குதே. சீட்டுக்கு அடியில பாருங்க."

இவ்வளவையும் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சுற்றி நின்ற பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணமும் பார்த்துக்கொண்டிருந்தாள். வினோதாவுக்குக் காது மடல் சுட்டது.

"எனக்குத் தெரியும்மா. நான் பாத்துக்கறேன். உனக்கு லேட்டாவுது, நீ போ."

அன்று மாலை பட்டறைக்குப் போனாள். முனிகிருஷ்ணன், "எனக்கும் ஒயரு மேலதான் சந்தேகம். வண்டிய ஒரு நாளு வுட்டுட்டுப் போ, ஒயர் கட்டு முழுக்கப் பிரிச்சிப் பாக்கணும்" என்றார். பிறகு, நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்த ரம்யாப் பொண்ணுகூட மத்தியானம் ஆயில் மாத்த வந்தப்போ இத்ததான் சொல்லிச்சி. கெட்டிக்காரப் பொண்ணு" என்றார்.

என் வண்டியைப் பற்றி என் மெக்கானிக்கிடம் அவள் பேசியிருக்கிறாள். வினோதாவுக்கு அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. வண்டியை ஒரு நாள் விட்டால் அந்த ஒரு நாள் தன் பெண்கள் எல்லோரும் ரம்யாவின் வண்டியில் ஏறுவார்கள். ஒரு நாள் ஏறியவர்கள் மறுநாளும் ஏறுவார்கள். "நாளைக்கு வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை சம்பூர்ணம் நிறுத்தத்தில் இல்லை. தெருமுனையில் ரம்யாவின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். வினோதாவைப் பார்த்ததும் கையை உயர்த்தி, "கேன்டீன்ல சூப்பர்வைசரு திட்டறாருடி, ரெண்டு நாளைக்குத்தான்" என்றாள். வினோதா தலையாட்டினாள். முன் சீட்டு காலியாக இருந்தது. அன்று பள்ளமெல்லாம் ஏறி இறங்கியும் முள் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. ரம்யா சொன்னது சரி என்று அப்போதே தெரிந்துபோனது. அது தெரிந்தது அவளுக்கு ஆறுதலாக இல்லை, வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை ஓடவிட்டு, சீட்டைத் தூக்கி, சென்சாரின் தலையிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். முள் கீழே விழுந்து குளிர்ச்சிக் கோட்டில் படுத்தது. சீட்டை இறக்கி, முழங்காலால் அழுத்தினாள். சென்சாரில் ஒயரே இல்லாதபோதும் முள் சிவப்புக்குக் குதித்தது. காலை எடுத்தாள்; விழுந்தது. அழுத்தினாள், குதித்தது. சந்தேகமே இல்லை. சூடும் இல்லை, சென்சாரும் இல்லை. சீட்டின் இரும்பு விளிம்புக்கு அடியில் எங்கேயோ ஒயரின் தோல் உரிந்திருக்கிறது.

அந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. பல ஒயர்களைச் சேர்த்துச் சுற்றிய தடித்த கட்டு அது, முழுக்கப் பிரித்தால்தான் தெரியும். பட்டறைக்குத்தான் போக வேண்டும். போனால் ஒரு நாள். போனால் முனிகிருஷ்ணன், "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான் பாத்தியா" என்பார். அது பட்டறையிலிருந்து குப்பத்துக்கு வரும்.

வினோதா ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, மீட்டருக்குப் போகிற அந்த ஒயரைத் தேடிப் பிடித்து கட்டிங் பிளேயரால் கத்தரித்தாள். இனி யார் உட்கார்ந்தாலும், எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் முள் எழுந்திருக்காது.

"சரியாய்ட்ச்சா?" என்று கேட்டான் வாசலுக்கு வந்த கணேசன்.

"சரி பண்ணிட்டேன்."

மறுநாள் நிறுத்தத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஒண்ணியும் இல்ல, சின்ன கோளாறுதான். நானே பாத்து சரி பண்ணிட்டேன்." ரம்யா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒயர்தானேக்கா?" என்றாள்.

"இல்ல. வேற."

ரம்யா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

சம்பூர்ணம் முன் சீட்டுக்குத் திரும்பினாள். முள் தூங்கிக்கொண்டே இருந்தது. மழை விட்டு, பனி ஆரம்பித்து, மார்கழி பிறந்தது. போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். வினோதாவுக்கு அந்த நாட்கள் நன்றாக இருந்தன. ரம்யாவின் வண்டியை வழியில் தாண்டிப் போகும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்தாள். பழைய வண்டிக்கு அடியில், என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு ஓடுகிற நீளமான ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அவளே அறுத்துவிட்டிருந்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அது நடந்தது. தச்சூரில் ஹைவே ஏறிக் கவரைப்பேட்டை பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் பேச்சை நிறுத்திவிட்டு நெளிந்து உட்கார்ந்தாள்.

"வினோதா, சீட்டு சுடுதுடி."

வினோதா மீட்டரைப் பார்த்தாள். முள் அடியில் படுத்திருந்தது.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா. முள்ளு கீழதான் கீது பாரு."

சொல்லும்போது அவளுக்கே ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. தானே அறுத்துவிட்ட முள் என்பது அந்த நொடியில் மறந்தே போயிருந்தது. கண் பார்த்தது, மனசு நம்பியது. மறு நொடி நினைவு வந்து கால் பிரேக்கைத் தேடுவதற்குள் வண்டி இழுவை குறைந்தது. காந்தல் வாடை அடித்தது. அடியில் டப்பென்று ஒரு சத்தம். சீட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி பீறிட்டது. சம்பூர்ணம் அலறினாள்.

வண்டியை ஓரத்துக்கு உருட்டிவிட்டு வினோதா ஓடிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். முழங்கால் மடங்காத உடம்பு, சட்டென்று இறங்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். இரண்டு பேருமாகத் தரையில் விழுந்தார்கள். சம்பூர்ணத்தின் வலது கெண்டைக்கால் கணுக்கால் வரைக்கும் சிவந்து தோல் சுருங்கியிருந்தது. பின்னால் இருந்த பெண்கள் அழுதுகொண்டே இறங்கினார்கள். லாரிகள் காற்றை வீசிக்கொண்டு போயின.

ரம்யாவின் வண்டி வந்து நின்றது. அவள் சம்பூர்ணத்தைத் தூக்கி ஏற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் காலில் ஊற்றச் சொல்லி, எல்லோரையும் நெருக்கி உட்காரவைத்துக் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கதவைச் சாத்துமுன், "நீங்களும் வாங்கக்கா" என்றாள். வினோதா ஏறவில்லை. ஹைவே ஓரத்தில், ஆவி அடங்கிக்கொண்டிருந்த வண்டிக்குப் பக்கத்தில் அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். அந்த நிலையிலும், தன் பெண்கள் அத்தனை பேரையும் ரம்யா கொண்டுபோகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

கட்டி இழுத்து வந்த வண்டியை முனிகிருஷ்ணன் பிரித்தார். என்ஜினின் ஹெட் கேஸ்கட் போயிருந்தது, ஹெட்டே சூட்டில் வளைந்திருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கத்தரித்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இத்த யாரும்மா வெட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான்."

அவர், "தப்பா காட்டினாலும் காட்டிக்கினு இருந்துச்சே" என்றார். ரம்யாவின் பெயரை எடுக்கவில்லை.

சம்பூர்ணம் வீட்டுக்கு வந்து, காலை நீட்டிப் படுத்திருந்தாள். வினோதா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ரம்யா சொன்னது, முழங்காலால் அழுத்திப் பார்த்தது, கட்டிங் பிளேயரால் கத்தரித்தது எல்லாவற்றையும்.

"சுடுதுன்னு சொன்னேன். முள்ளப் பாருன்னே" என்றாள் சம்பூர்ணம்.

"ஆமாக்கா."

"அது பொய்யின்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எதுக்குடி?"

"நீ அவ வண்டில ஏறினது எனக்கு ஆவல. ரெண்டு நாளைக்குன்னு சொல்லிட்டுத்தான் போன. அப்பவும் ஆவல."

சம்பூர்ணம் திட்டவில்லை. திட்டியிருந்தால் வினோதாவுக்கு லேசாக இருந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "டீ கீது, ஊத்திக் குடிச்சிட்டுப் போ" என்றாள். கால் ஆறி வேலைக்குக் கிளம்பியபோது அவள் ரம்யாவின் வண்டியில் ஏறினாள். இந்தத் தடவை இரண்டு நாளைக்கு என்று சொல்லவில்லை.

வண்டி பட்டறையில் கிடந்த காலத்தில் வினோதா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்தாள். ரம்யா காலையில் இரண்டு நடை அடித்தாள். இரண்டாவது நடைக்கு வருகிற ஹாரனைக் கேட்கும்போது வினோதாவின் நகம் இறால் ஓட்டில் குத்திக்கொள்ளும். செய்த தவறு புரிந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. முன்பு அதைக் கோபம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அதன் சொந்தப் பெயரிலேயே அது நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

வண்டி தயாரான அன்று முனிகிருஷ்ணனோடு சேர்ந்து மீட்டரைச் சோதித்தாள். உரிந்த ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சீட்டின் இரும்பு படாத வழியாகப் புது ஒயர் இழுத்திருந்தார். சென்சாரிலிருந்து கழற்றினால் முள் விழ வேண்டும்; விழுந்தது. ஒயர் முனையைப் பாடியில் தொட்டால் உச்சிக்குப் போக வேண்டும், போனது. திரும்ப மாட்டி, வினோதாவையும் இன்னும் இரண்டு ஆட்களையும் முன் சீட்டில் நெருக்கி உட்காரவைத்தார். முள் நடுவிலேயே நின்றது.

பெண்கள் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். ஒயரை அவள் வெட்டிய கதை குப்பம் முழுக்கத் தெரிந்திருந்தது. சிலர் ஏறினாலும் ஏறியவுடன் எட்டி மீட்டரைப் பார்த்தார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

சித்திரையில் ரம்யா அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "முழுகாம கீறேன்கா. டாக்டரு இந்த ரோட்டுல வண்டி ஓட்டாதன்னுட்டாங்க. என் வண்டி ஆளுங்களையும் நீங்களே இட்டுக்கினு போங்க. டிரைவர் வெக்கலாம்னு இவரு சொல்றாரு, யாரையோ நம்பி அனுப்ப எனக்கு மனசு இல்ல" என்றாள்.

வினோதா உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

அதன்பிறகு எல்லோரும் அவள் வண்டியில்தான் போனார்கள். இரண்டு நடை. சம்பூர்ணமும் ஏறினாள், ஆனால் பின் சீட்டில். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் குறுக்கே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நிறைந்தும் வினோதாவுக்கு மனசு நிறையவில்லை. பெண்கள் ரம்யாவுக்கு வாந்தி நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். யாரோ ஒருத்தி மாங்காய் கொண்டுவந்து, "ரம்யாகிட்ட குடுத்துடுங்கக்கா" என்று அவள் கையிலேயே கொடுத்தாள்.

அந்த மாங்காயை எடுத்துக்கொண்டு போன சாயங்காலம் வினோதா சொன்னாள்: "நீ சொன்னது சரி. ஒயர்தான். வேறன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்கா. பட்டறை அண்ணா வண்டிய பிரிச்ச அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

ரம்யா மாங்காயை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள். "எனக்கும் உங்க மேல எரிச்சல் இருந்துச்சிக்கா. என் வண்டில ஏறினா எல்லாரும் காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கினு செல்ஃபோன பாத்துக்கினே வராங்க. ஒருத்தியும் பேசமாட்டா. ரோட்டுல உங்க வண்டி பக்கத்துல வரும்போது உள்ள சிரிக்கிற சத்தம் கேக்கும். ஏசி போட்டு, கண்ணாடி ஏத்தியும் கேக்கும். சம்பூர்ணக்கா என் வண்டிக்கு வந்தப்போ இனிமே இங்கயும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க ஜன்னல பாத்துக்கினே வந்தாங்க. நீங்க பொய் சொன்ன அன்னிக்கே அது எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் வாயத் தொறந்திருப்பேனான்னு தெரியல."

வினோதாவுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. நல்ல சந்தோஷம் இல்லை அது. இவளும் என்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறாள் என்கிற சந்தோஷம். அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை. ரம்யாவும் கண்டுபிடித்துவிட்டாள்.

"சிரிக்கிறீங்களேக்கா."

"ஆமா."

குழந்தை பிறந்து ஏழெட்டு மாதம் கழித்து ரம்யா மறுபடியும் ஓட்ட வந்தாள். ஆட்கள் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தார்கள். சம்பூர்ணம் ஒரு வாரம் இதில், ஒரு வாரம் அதில் என்று போகிறாள். எதில் ஏறினாலும் பின்னால்தான் உட்காருகிறாள். வினோதாவின் வண்டியில் சில நாள் பேசுகிறாள், சில நாள் பேசுவதில்லை.

காலையில் ரம்யாவின் வண்டி முன்னால் போய்விட்டால் வினோதாவுக்கு இன்னமும் சுருக்கென்கிறது. ஒரு நாள் பொன்னேரி பெட்ரோல் பங்கில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வினோதா ஜன்னலை இறக்கி, "உன் வண்டி ரொம்பிக்கீதுடி. பாத்தா எரியுது" என்றாள்.

ரம்யா திரும்பித் தன் பெண்களைப் பார்த்தாள். அத்தனை பேரும் போனில் இருந்தார்கள். "ஏறினவங்கள வேணும்னா நாளைக்கு அனுப்பறேன். பேசறவங்கள நீங்க எனக்கு அனுப்புங்க" என்றாள்.

"அனுப்பமாட்டேன்" என்றாள் வினோதா.